முகப்பருவும் மூன்று மாதப் பொறுமையும்

எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவம் பற்றிய பாடம் தொடங்கும் அன்று, ஓர் அட்டைப்பெட்டியை வகுப்பறை மூலையில் வைத்துவிடுவேன். வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருப்பதைத் துண்டுச் சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் எழுத வேண்டாம் என்பது ஏற்பாடு. பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். குரல் உடைவது, மாதவிடாய், உயரம் வளர்வது என்று எல்லாவற்றைப் பற்றியும் சீட்டுகள் வரும். ஆனால் எந்த ஆண்டு எண்ணிப் பார்த்தாலும் முகப்பருவைப் பற்றிய சீட்டுகளே அதிகம். "ஒரு வாரத்துல போக வழி சொல்லுங்க மிஸ், அக்கா கல்யாணம் வருது." "எலுமிச்சம்பழம் தேய்த்தால் எரிகிறது, தொடர்ந்து தேய்க்கலாமா?" "எனக்கு முதுகு முழுவதும் இருக்கிறது. யாருக்கும் தெரியாது." கடைசியாகச் சொன்னதை எழுதியது ஒரு மாணவன் என்று கையெழுத்தே சொல்லிவிட்டது.

பாடநூலில் இதற்குச் சில வரிகள் உண்டு. வளரிளம் பருவத்தில் எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் அதிகமாகச் செயல்படுகின்றன, அதனால் பருக்கள் தோன்றுகின்றன என்று படிக்கிறோம். அது சரியான செய்திதான். ஆனால் சீட்டு எழுதிய பிள்ளைக்கு அது போதாது. ஏன் வருகிறது என்பதைவிட எப்போது போகும் என்பதும், போவதற்கு எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதும்தான் அந்தப் பிள்ளையின் கேள்வி. இரண்டாவது கேள்விக்கு நாம் பதில் சொல்லாவிட்டால் தெருமுனை மருந்துக்கடை பதில் சொல்லும். அந்தப் பதில் பல நேரங்களில் ஆபத்தானது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

பரு எல்லோருக்கும் வருவதுதானே, இதை ஏன் பெரிதாக்க வேண்டும் என்று ஆசிரியர் அறையில் கேட்பதுண்டு. 12 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் ஏதோ ஒரு அளவில் பரு வருகிறது என்பது உண்மைதான். பெரும்பாலானவர்களுக்கு அது நெற்றியில் நாலு, மூக்கில் இரண்டு என்று வந்து போகும். சிலருக்கு மட்டும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும், கட்டி கட்டியாக வீங்கும், வலிக்கும், ஆறினால் பள்ளம் விழும். அந்தச் சிலரை நம் வகுப்பிலேயே அடையாளம் காணலாம். கன்னத்தில் கை வைத்தபடியே உட்கார்ந்திருப்பார்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கக் கூப்பிட்டால் வேறொருவரைக் காட்டுவார்கள். கபடிக்குச் சட்டையைக் கழற்றிப் பனியன் மாற்ற வேண்டும் என்றால் வயிற்றுவலி என்பார்கள். குழுப் புகைப்படம் எடுக்கும் நாளில் வரமாட்டார்கள். இவை எல்லாவற்றுக்கும் பருவே காரணம் என்று சொல்லமாட்டேன். காரணங்களுள் அதுவும் ஒன்றாக இருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

தோலுக்குள் நடப்பது

வகுப்பில் இதை விளக்கக் கரும்பலகையில் ஒரு மயிர்க்காலைப் படமாக வரைவேன். மேலே துளை, உள்ளே முடி, பக்கத்தில் எண்ணெய்ச் சுரப்பி. இந்தச் சுரப்பியில் ஊறும் எண்ணெய்க்குச் சீபம் என்று பெயர். தோல் வறண்டு வெடிக்காமல் காப்பது அதுதான். முகம், நெஞ்சு, தோள், மேல்முதுகு ஆகிய இடங்களில் இந்தச் சுரப்பிகள் நெருக்கமாகவும் பெரிதாகவும் இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அறவே இல்லை. பரு எங்கே வரும், எங்கே வராது என்பதற்கு இந்த ஒரு செய்தியே விடை. பிள்ளைகள் உடனே தங்கள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார்கள்!

பருவமடையும் வயதில் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் ஆண், பெண் இருபாலரிடமும் கூடுகின்றன. அவை எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுகின்றன. அதே நேரத்தில் மயிர்க்காலின் உட்சுவரில் உதிரும் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு துளையை அடைக்கின்றன. வெளியேற வழியில்லாத எண்ணெய் உள்ளே தேங்குகிறது. எல்லோருடைய தோலிலும் இயல்பாகவே குடியிருக்கும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா, அடைபட்ட அந்த இடத்தில் பெருகுகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் அங்கே படையெடுக்கிறது. சிவப்பு, வீக்கம், வலி, சீழ் எல்லாம் அந்தப் போரின் அடையாளங்கள்.

அடைப்பின் வாய் மூடியிருந்தால் வெண்புள்ளியாகத் தெரியும். வாய் திறந்திருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கு அல்ல. தோலின் நிறமியான மெலனினும், காற்றுப்பட்டு மாற்றமடைந்த எண்ணெயும் சேர்ந்த நிறம் அது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கரும்புள்ளியை அழுக்கு என்று நினைக்கும் பிள்ளை ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை சோப்புப் போட்டு முகத்தைத் தேய்க்கும். தோல் எரிந்து வறளும், வீக்கம் கூடும். காலையும் மாலையும், பிறகு விளையாடி வியர்த்த பின்னும் மென்மையான சோப்பு அல்லது ஃபேஸ்வாஷ் கொண்டு விரல்களால் கழுவினால் போதும். பீர்க்கங்கூடும் பயறுமாவும் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

இங்கே நம் வீட்டு நம்பிக்கைகளையும் பேசியாக வேண்டும். "உடம்புச் சூடு", "ரத்தம் கெட்டுப்போச்சு", "எண்ணெய்ப் பலகாரம் தின்றாய்" என்ற மூன்று தீர்ப்புகளில் ஒன்றாவது எல்லா வீட்டிலும் வழங்கப்படுகிறது. ரத்தத்தில் எந்தக் கேடும் இல்லை. வடை, பஜ்ஜியின் எண்ணெய் நேராகக் கன்னத்துக்குப் போவதும் இல்லை. உணவுக்குச் சிறிய பங்கு உண்டு என்று ஆய்வுகள் காட்டுவது வேறு இடத்தில்: இனிப்பு, மைதாப் பண்டம், குளிர்பானம் போல ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று உயர்த்தும் உணவுகளும், சிலருக்குப் பாலும் பருவைக் கூட்டுகின்றன. இவற்றைக் குறைத்துப் பார்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. ஆனால் உணவை மட்டும் மாற்றிக் கடுமையான பருவைப் போக்கிவிட முடியாது. அப்படி எதிர்பார்த்தால், பரு போகாதபோது பழி பிள்ளையின் நாக்கின் மேல் விழுகிறது.

எண்ணெய்க்குத் தொடர்பு இருக்கும் இடம் தலை. தேங்காயெண்ணெயை வழிய வழியத் தேய்த்து இரட்டைப் பின்னல் போட்டு வரும் மாணவிகளில் சிலருக்கு, முடி தொடங்கும் கோட்டை ஒட்டி நெற்றியில் வரிசையாகச் சிறு பருக்கள் இருக்கும். எண்ணெய் வழிந்து துளைகளை அடைப்பதால் வருபவை அவை. எண்ணெய் வேண்டாம் என்று எந்த அம்மாவிடமும் சொல்லி நான் வென்றதில்லை. இரவில் குறைவாகத் தேய்க்கட்டும், நெற்றியில் வழியாமல் துடைக்கட்டும், தலையணை உறையை அடிக்கடி துவைக்கட்டும் என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். மிச்ச எண்ணெயை முகத்தில் பூசும் வழக்கத்தை மட்டும் நிறுத்தச் சொல்கிறேன். எலுமிச்சைச் சாறு, பற்பசை, சமையல் சோடா ஆகிய மூன்றும் தோலைப் புண்ணாக்கும். மஞ்சள் பலருக்கும் தீங்கு செய்வதில்லை, ஆனால் அது நீடித்த பருவுக்கு மருந்தும் அல்ல.

காலாண்டில் தொடங்கினால் அரையாண்டில் தெரியும்

இன்று கன்னத்தில் சிவந்து நிற்கும் பரு நேற்று பிறந்ததல்ல. கண்ணுக்குத் தெரியாத அடைப்பாக அது பல வாரங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும். இந்தக் கட்டுரையில் ஒரு செய்தியை மட்டும் வகுப்புக்கு எடுத்துச் செல்ல முடியும் என்றால் இதையே எடுத்துச் செல்லுங்கள். இது புரிந்துவிட்டால் மற்ற பல விஷயங்கள் தாமாகப் புரியும். தெரிகிற பருவின் தலையில் மட்டும் மருந்தை வைப்பதால் பயன் குறைவு; பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாகப் பூச வேண்டும். பத்து நாளில் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்ட முடியாது. ஏற்கெனவே உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பருக்கள் வெளியே வந்துதான் தீரும். சரியான சிகிச்சையின் பலனை மதிப்பிட எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் வேண்டும்.

பிள்ளைகளிடம் வாரக் கணக்குச் சொன்னால் மனத்தில் பதிவதில்லை. "காலாண்டுத் தேர்வுக்கு மருந்து தொடங்கினால் அரையாண்டுத் தேர்வுக்குத்தான் கண்ணாடி நல்ல செய்தி சொல்லும்" என்பேன். சிரிப்பார்கள், ஆனால் மறப்பதில்லை. மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வதும் உதவுகிறது. தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது.

மருத்துவர்கள் பொதுவாக எழுதித்தருவன எவை என்று தெரிந்துவைத்திருப்பது நமக்கு நல்லது. நாம் பரிந்துரைப்பதற்காக அல்ல, பிள்ளை பாதியில் நிறுத்திவிடாமல் தட்டிக்கொடுப்பதற்காக. பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் குறைக்கும். இதற்கு அந்தப் பாக்டீரியா பழகிப்போவதில்லை என்பது இதன் சிறப்பு. ஆனால் துணியை வெளுக்கும். சீருடைக் காலரிலும் துண்டிலும் திட்டுத் திட்டாக வெளுப்பு விழுந்து வீட்டில் திட்டு வாங்கிய மாணவியை எனக்குத் தெரியும். நன்றாகக் காய்ந்த பின் சட்டை போட வேண்டும், வெள்ளைத் துண்டைப் பயன்படுத்த வேண்டும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவள் மருந்தை நிறுத்தியிருக்க மாட்டாள். அடபலீன் என்ற ஜெல் துளை அடைபடுவதையே தடுக்கும். இரவில், முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு போதும். முதல் சில வாரங்களில் தோல் வறண்டு, உரிந்து, சில சமயம் பரு கூடியது போலவும் தோன்றும். பிள்ளைகள் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசுவதும், பிசுபிசுப்பில்லாத ஈரப்பதக் க்ரீம் சேர்ப்பதும் இந்தக் கட்டத்தைக் கடக்க உதவும். மருத்துவரிடம் கேட்டால் சொல்வார்.

கிளிண்டமைசின் போன்ற ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாக நீண்ட நாள் பூசினால் பாக்டீரியா அதற்குப் பழகிவிடும். அதனால் பென்சாயில் பெராக்சைடுடன் சேர்த்தே தருவார்கள். வீக்கம் அதிகமானால் டாக்சிசைக்ளின் மாத்திரை சில வாரங்களுக்குத் தரப்படும். அதை நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும், விழுங்கியவுடன் படுக்கக் கூடாது. வெயில் பட்டால் தோல் எளிதில் கன்றும். விடுதி மாணவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல ஆள் இருப்பதில்லை. கட்டிகளும் தழும்புகளுமாகக் கடுமையாக இருப்பவர்களுக்கு ஐசோடிரெட்டினோயின் என்ற மாத்திரை உண்டு. நல்ல பலன் தருவது, ஆனால் கருவிலிருக்கும் குழந்தைக்குப் பெருங்கேடு செய்வது. தோல் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில், ரத்தப் பரிசோதனைகளோடு மட்டுமே உட்கொள்ள வேண்டியது. அக்காவுக்கு எழுதிய மாத்திரையைத் தங்கை எடுத்துக்கொள்வது நம் வீடுகளில் நடக்கக்கூடியதே. அது எவ்வளவு பெரிய தவறு என்பதை மேல்நிலை வகுப்பு மாணவிகளுக்கு வெளிப்படையாகவே சொல்லலாம்.

முதுகும் தோளும்

முகத்துக்கு இருக்கும் அக்கறையில் கால்பங்குகூட முதுகுக்குக் கிடைப்பதில்லை. மறைத்துக்கொள்ள முடிகிறது என்பதால் பல மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் மறைக்கிறார்கள். ஆனால் முதுகிலும் நெஞ்சிலும் வரும் பருக்கள் ஆழமானவை, தடித்த தழும்பை விட்டுச்செல்லக்கூடியவை. கனமான புத்தகப்பை தோளிலும் முதுகிலும் உரசுவது, வியர்வையில் ஊறிய பனியனோடு மாலை வரை உட்கார்ந்திருப்பது, காற்றுப் புகாத செயற்கை இழைச் சட்டை, இறுக்கமான உள்ளாடைப் பட்டை எல்லாமே இதைக் கூட்டும். விளையாட்டு முடிந்ததும் பனியனை மாற்றிக்கொள்ள ஐந்து நிமிடமும், முகம் கழுவத் தண்ணீரும் கிடைத்தால் போதும். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் மனம் வைத்தால் நடந்துவிடும் காரியம் இது. முதுகில் பென்சாயில் பெராக்சைடைக் கழுவும் வடிவில் தருவார்கள். பூசிச் சில நிமிடங்கள் விட்டு நன்றாகக் கழுவிவிடலாம்; சட்டை வெளுப்பதும் குறையும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெஞ்சு, முதுகு, நெற்றியில் ஒரே அளவில் சின்னச் சின்னதாக, அரிப்போடு, கரும்புள்ளி வெண்புள்ளி எதுவுமின்றி வந்தால் அது பருவாக இல்லாமல் மலசீசியா என்ற பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இது சாதாரணம். பரு என்று நினைத்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் இது இன்னும் பெருகும். சிகிச்சையே வேறு. "அரிக்குதா, வலிக்குதா?" என்ற ஒரு கேள்வி இரண்டையும் பிரித்தறிய ஓரளவு உதவும். முடிவு மருத்துவருடையது.

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களில் உடற்பயிற்சிக் கூடம் போகிறவர்கள் புரதப் பொடி சாப்பிடுகிறார்கள். பாலிலிருந்து எடுக்கும் வே புரதம் சிலருக்குப் பருவைக் கூட்டுவது உண்டு. தசை வளர என்று சொல்லி ஊசியோ மாத்திரையோ தரப்பட்டால் அது அனபாலிக் ஸ்டீராய்டாக இருக்கக்கூடும். திடீரென்று முதுகு முழுவதும் பரு வெடிப்பது அதன் அடையாளங்களில் ஒன்று. அப்போது கவலைப்பட வேண்டியது பருவைப் பற்றி மட்டுமல்ல. அதேபோல, பருவோடு மாதவிடாய் பல மாதம் தள்ளிப்போவதும் முகத்தில் ரோமம் தடிப்பதும் சேர்ந்திருந்தால் அந்த மாணவியை மகளிர் மருத்துவரிடமும் காட்டச் சொல்ல வேண்டும். பூப்பெய்திய முதல் ஓரிரு ஆண்டுகளில் மாதவிடாய் முறைதவறுவது இயல்பு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் தேவையில்லாத பயம் பிறக்கும்.

வெள்ளையாக்கும் களிம்பு

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தொடர்ந்து எட்டு நாள் வரவில்லை. நன்றாகப் படிப்பவள், காரணமின்றி விடுப்பு எடுக்காதவள். வீட்டுக்குப் போனேன். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளறையில் இருந்தாள். முகம் முழுவதும் சிவந்து, தோல் பளபளவென்று மெலிந்து, கன்னத்தில் நூலிழை போல ரத்த நாளங்கள் தெரிந்தன. அவற்றுக்கிடையே கொத்துக் கொத்தாகப் பரு.

"கடையிலதான் டீச்சர் குடுத்தாங்க. மொதல்ல ரெண்டே வாரத்துல பரு அமுங்கி, நல்லா வெள்ளையாயிட்டா. ஊருல எல்லாரும் கேட்டாங்க, என்ன போடுறேன்னு. நிறுத்துனா இப்படி ஆயிடுது, திரும்பப் போட்டா சரியாயிடுது. நாலு மாசமா இப்படித்தான் ஓடுது" என்றார் அவளுடைய அம்மா. விலை குறைவான சிறிய குழாய். அதன் மேல் எழுதியிருந்ததில் ஒன்று மொமெட்டசோன்.

இது ஒரு ஸ்டீராய்டு. கரப்பான் போன்ற நோய்களுக்குச் சரியான அளவில், சரியான காலத்துக்கு மருத்துவர் தந்தால் அருமையான மருந்து. முகத்தில் வாரக்கணக்கில் பூசினால் நேர்வது வேறு. வீக்கத்தை அமுக்குவதால் பரு முதலில் அடங்கும். ரத்த நாளங்களைச் சுருக்குவதாலும் நிறமியைக் குறைப்பதாலும் முகம் வெளுத்துத் தெரியும். அந்த முதல் இரண்டு வாரம்தான் தூண்டில் முள். பிறகு தோல் மெலியும், ரத்த நாளம் புடைக்கும், முகத்தில் ரோமம் வளரும், ஸ்டீராய்டே புதிய பருவை உண்டாக்கும். நிறுத்தினால் முகம் தீயாக எரிந்து சிவக்கும். பயந்துபோய் மறுபடி பூசுவார்கள். இந்தச் சுழலில் சிக்கிய முகங்கள் பெருகியதால், 'பூச்சு ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம்' என்றே நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் இதற்குத் தனியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளை, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் கடையில் கேட்டால் கிடைக்கிறது, கேட்காமலும் கிடைக்கிறது.

அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை. மகளின் முகத்தைச் சரிசெய்யக் கையில் இருந்த காசில் வாங்கிய மருந்து அது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு இருவரும் போனார்கள். களிம்பை எப்படி விடுவது என்று மருத்துவர் வழி சொன்னார். இதைத் திடீரென்று விடும்போது வரும் எரிச்சலுக்கும் சிகிச்சை வேண்டும் என்பதால், மருத்துவர் துணையோடு விடுவதே நல்லது. அவளுக்கு முகம் அமைதியாக ஏறக்குறைய ஒரு கல்வியாண்டு ஆயிற்று. இரண்டாம் வாரமே அவள் பள்ளிக்கு வந்துவிட்டாள். முகம் சரியாகும் வரை காத்திருந்து வந்திருந்தால் பொதுத்தேர்வு வகுப்பை ஓட்டையோடு தொடங்கியிருப்பாள்.

அதன் பிறகு ஆண்டுதோறும் ஒரு செயல்பாடு வைத்திருக்கிறேன். வீட்டில் இருக்கும் காலியான களிம்புக் குழாய்கள், அட்டைகளைக் கொண்டுவரச் சொல்வேன். ஆய்வகத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் சிற்றெழுத்துகளைப் படித்து, பெயர்களைக் கரும்பலகையில் எழுத வேண்டும். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன் ஆகியவை ஸ்டீராய்டுகள். ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின் ஆகியவற்றோடு சேர்த்தும் இவை வரும். பூஞ்சை மருந்தோடு கலந்தும் வரும். படர்தாமரைக்கு வாங்கியதே முகத்துக்கும் போவது அதனால்தான். சீட்டு தேவைப்படும் மருந்தின் உறையில் சிவப்புக் கோடும் 'ஆர்எக்ஸ்' குறியும் இருப்பதைக் காட்டுவேன். பத்தாம் வகுப்பில் ஹார்மோன்கள் பாடத்துக்கு இது நல்ல துணை. அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்டிசோலின் உறவினர்களைத்தான் கையில் பிடித்திருக்கிறோம் என்று தெரியும்போது பாடம் வேறுவிதமாக ஏறுகிறது. எந்தப் பிள்ளையின் வீட்டில் எது இருந்தது என்று வகுப்பில் பேசக் கூடாது. குழாய்களை எல்லாம் ஒரே பெட்டியில் கலந்துவிட்டே தொடங்க வேண்டும்.

தழும்பு பற்றியும் ஒரு வார்த்தை. பரு ஆறிய இடத்தில் நம் மாநிறத் தோலில் கரும்பழுப்புத் தடம் விழும். அது தழும்பு அல்ல, மாதங்கள் சென்றால் மங்கும். வெயில் பட்டால் மங்கத் தாமதமாகும். பள்ளம் விழுந்தால் அது தானாக நிரம்புவதில்லை. கிள்ளுவதும் பிதுக்குவதும் முதலாவதை இரண்டாவதாக மாற்றுகின்றன. "தானாப் போயிடும், கல்யாணமானா சரியாயிடும்" என்று கடுமையான பருவை விட்டுவைப்பதும் அதையேதான் செய்கிறது.

பள்ளியில் நம்மால் ஆவது

செலவு இல்லாதது நம் வாய். "முகத்தைக் கழுவுறதே இல்லையா?", "என்னடா மூஞ்சி இது?" என்பவை கேலிக்காகச் சொல்லப்படுபவை அல்ல, அக்கறையில்தான் வருகின்றன. ஆனால் நாற்பது பேர் முன்னால் கேட்கும் பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரியாது. அடுத்த நாளிலிருந்து அதுவே பட்டப்பெயர். பேச வேண்டுமானால் தனியே, நின்றபடி, சுருக்கமாகப் பேசுவது நல்லது: "ரொம்ப நாளா இருக்குபோல. வலிக்குதா? இதுக்கு மருந்து இருக்கு, அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா?" மாணவனிடம் அப்பா பெயரைச் சொல்வதைவிட அம்மா பெயரைச் சொன்னால் பெரும்பாலும் சரி என்பார்கள். ஏனென்று எனக்குப் புரிந்ததில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவின் புறநோயாளி சேவை இலவசம். காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டுப் போட வேண்டும். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவின் மருத்துவரிடமும் காட்டி, எங்கே போவது என்று கேட்கலாம். முதல் முறை போய்வந்த பிள்ளைகள் இரண்டாம் முறை போகாததற்கு முக்கியக் காரணம் கூலி நாள் போவதும் பள்ளி நாள் போவதும்தான். அடுத்து எப்போது வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டு, அந்த நாளில் அலகுத் தேர்வு இல்லாதபடி பார்த்துக்கொள்வது வகுப்பாசிரியரால் முடிந்த உதவி. அவசர ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. பரு காரணமாகவே பிள்ளை பேச்சைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து, வாழ்க்கை மேல் வெறுப்பாகப் பேசினால் அதைத் தோல் நோயாக மட்டும் பார்க்கக் கூடாது. பள்ளிக்கல்வித் துறையின் 14417, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய எண்கள் அதற்கு உண்டு. எண்ணைக் கொடுத்துவிட்டு நகராமல், பக்கத்தில் இருந்து அழைக்க வைப்பது நல்லது.

பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேசத் தனி நேரம் வேண்டியதில்லை. மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து வாங்கும்போது, "புள்ளைக்கு முகத்துக்கு என்னம்மா போடுறீங்க? அடுத்த தடவை வரும்போது அந்தக் குழாயைக் கொண்டாங்க, என்ன எழுதியிருக்குன்னு சேர்ந்து பார்ப்போம்" என்று கேட்டால் போதும். பெரும்பாலான அம்மாக்கள் அடுத்த முறைவரைகூடக் காத்திருப்பதில்லை. மறுநாள் காலையிலேயே பிள்ளையின் புத்தகப்பையில் காகிதம் சுற்றிக் கொடுத்தனுப்பிவிடுகிறார்கள்.